கணினி ஆட்டமும் நேரிணைப்பும்

இருவர் கூடியாடும் ஆட்டத்திற்குக் களம் ஒன்றும், இருவர்க்கும் பொதுவான விதிகளும் வேண்டும். சதுரங்கமாயின் பலகையும் காய்களும் போதும். அப்பலகையைச் செய்து விற்ற தச்சன் தொழிலைக் கைவிட்டாலும், ஊரை விட்டே போய்விட்டாலும், பலகை உள்ளவரை ஆட்டத்திற்குக் குறைவில்லை. கணினி ஆட்டத்தின் நிலை எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. ஆடுவோரை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கும் பொறுப்பை ஆட்டத்தை விற்ற நிறுவனமே தன் கையில் வைத்திருக்குமாயின், அந்நிறுவனம் கதவடைக்கும் நாளில் ஆட்டமும் அடங்கிவிடும். இக்குறை நேராவண்ணம் பழைய ஆட்டங்கள் சிலவற்றில் அமைந்திருப்பதே நேரிணைப்பு. அஃதாவது, இடையில் எவரையும் வேண்டாது ஒரு கணினி மற்றொரு கணினியை நேரே அழைத்துப் பேசும் முறை. அதன் இயல்பையும், அதனை அமைக்கும் வழியையும், அதற்கு நேரும் தடைகளையும், கொள்ளவேண்டிய காவலையும் இங்கு ஓர் எடுத்துக்காட்டினைக் கொண்டு விளக்குவாம்.

நான்கு வாயில்கள்

1993 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்த ‘டூம்’ என்னும் ஆட்டத்தை நால்வர் வரை கூடி ஆடலாம். அலுவலகத்து வலைப்பின்னல், தொலைபேசி மொடெம், இரு கணினிகளை நேரே பிணைக்கும் வடம் என்பன அதற்கு வழிகளாயிருந்தன. 1996 இல் வந்த ‘குவேக்’, எதிராளியின் இணைய முகவரியை எழுதி நேரே இணையும் வழக்கத்தை எங்கும் பரப்பிற்று. நாம் எடுத்துக்கொள்ளும் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் ஆட்டம் 1999 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலிருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் அதனை ஆக்கிற்று, மைக்ரோசொப்ட் வெளியிட்டது. இடைக்கால அரசொன்றை அமைத்து, மரமும் பொன்னும் உணவும் ஈட்டி, படை திரட்டிப் பொருதும் ஆட்டம் அது. எண்மர் வரை அதில் ஒருங்கே ஆடலாம்.

அவ்வாட்டத்தில் பிறரோடு சேர்வதற்கு நான்கு வாயில்கள் இருந்தன. முதலாவது, மைக்ரோசொப்ட் நடத்திய ‘சோன்’ என்னும் இணையக் கூடம். இரண்டாவது, ஐ.பி.எக்ஸ். என்னும் உள்ளக வலைப்பின்னல் முறை. மூன்றாவது, தொலைபேசி மொடெம். நான்காவது, இணைய முகவரியை எழுதி இணையும் ரி.சி.பி./ஐ.பி. முறை. இவற்றுக்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. சோன் கூடம் வட்டில் வரும் ஆட்டங்களுக்குச் செய்துவந்த சேவையை 2006 இல் நிறுத்திற்று. ஐ.பி.எக்ஸ். முறையை விண்டோஸ் விஸ்டா கைவிட்டது. தொலைபேசி மொடெம் வீடுகளிலிருந்து அருகி மறைந்தது. ஆட்டத்தை ஆக்கிய நிறுவனமும் 2009 இல் மூடப்பட்டது. எஞ்சி நின்றது நான்காவது வாயில் ஒன்றே. அது நின்றதற்குக் காரணம் யாதெனின், அது எந்த நிறுவனத்தின் தயவையும் சார்ந்திராமல், இணையத்தின் பொது மொழியையே சார்ந்திருந்தமையாகும்.

செல்வது படமன்று, ஆணையே

நேரிணைப்பின் நுட்பத்தை அறிய, அதன்வழி எது பயணஞ் செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்மர் ஆடுங்கால், ஒவ்வொருவரும் 200 உருக்கள் வைத்திருப்பின், களத்தில் 1600 உருக்கள் நடமாடும். அக்காலத்து மொடெம் செக்கனொன்றுக்கு 28,800 பிட் அளவே கொண்டுசெல்லும். இதனை 1600 ஆற் பிரித்தால் ஓர் உருவுக்கு 18 பிட் கிடைக்கும். ஆங்கில எழுத்துகள் இரண்டை எழுதுவதற்கு மேல் அது போதாது. ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான், எத்திசை நோக்குகிறான், எவ்வளவு காயமுற்றான் என்பதையெல்லாம் அதற்குள் அடக்குவது எங்ஙனம்?

ஆக்கியோர் கண்ட வழி எளிமையானது. களத்தின் நிலையை அனுப்பாமல், ஆடுவோர் இடும் ஆணைகளை மட்டும் அவர்கள் அனுப்பினர். ‘இப்பத்து வில்லாளரும் அப்பாலத்துக்குச் செல்க’ என்னும் ஆணை எல்லாக் கணினிகளுக்கும் போகும்; பின்னர் ஒவ்வொரு கணினியும் ஒரே விதிப்படி ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து, ஒரே முடிவை அடையும். ஒரே வினாத்தாளை எட்டு மாணவர் எட்டு அறைகளிலிருந்து செய்து, ஒரே விடையைக் காண்பது போன்றது இது. தற்செயலாய் நிகழ்வன போலத் தோன்றுவனவுங்கூட ஒரே தொடக்க எண்ணிலிருந்து கணிக்கப்படுவதால், அவையும் எல்லாவிடத்தும் ஒன்றாகவே அமையும்.

காலம் ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் கொண்ட தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தவணையில் இட்ட ஆணை இரண்டு தவணை கழித்தே நிறைவேறும். அவ்விடைவெளியில் ஆணை எல்லார்க்கும் போய்ச் சேர்ந்துவிடுமென்பது கருத்து.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, இவ்வாட்டத்துக்கு இணைப்பின் பருமன் பெரிதன்று, தடையின்மையே பெரிது. இரண்டு, ஒருவரது இணைப்பு மந்தமாயின் மற்றெல்லாரும் அவர்க்காகக் காத்திருக்க நேரும். மூன்று, எல்லாக் கணினிகளிலும் ஆட்டம் அணுவளவும் வேறுபாடின்றி ஒரே பதிப்பாய் இருத்தல் வேண்டும். ஒரு கணினியின் கணக்கு ஓரிடத்தில் சிறிது பிசகினாலும், ஒருவர் திரையில் உயிரோடிருக்கும் வீரன் மற்றவர் திரையில் மாண்டுபோவான். அந்நிலை கண்டால் ஆட்டம் தொடராது நின்றுவிடும்.

முகவரியும் வாயிலும்

இணையத்திலுள்ள கணினியொன்றை அடைய ஐ.பி. முகவரி வேண்டும். அது புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாலானது. ஒரு கணினியிற் பல செயலிகள் ஒருங்கே இயங்குதலால், வந்த பொதி எச்செயலிக்குரியது என்பதை அறிவிக்க மற்றோர் எண்ணும் வேண்டும். அதுவே போர்ட் எனப்படுவது. ஈண்டு அதனை இலக்கவாயில் என வழங்குவாம். முகவரி வீட்டைக் காட்டும். இலக்கவாயில் அவ்வீட்டில் எந்த அறைக்கதவைத் தட்டவேண்டுமென்பதைக் காட்டும். இலக்கவாயில்களின் எண் 65,535 வரை செல்லும்.

நமது ஆட்டம், டைரக்ட்பிளே என்னும் மைக்ரோசொப்ட் துணைநிரலின் வழியாகவே பிறரோடு பேசுகின்றது. அத்துணைநிரல் இரு வகை இலக்கவாயில்களைப் பயன்படுத்தும். ‘இங்கே ஆட்டம் நடக்கிறதா?’ என்ற முதல் வினா 47624 ஆம் வாயிலுக்குச் செல்லும். அதற்குரிய விடையும், பின்னர் நிகழும் உரையாடல் யாவும் 2300 முதல் 2400 வரையுள்ள வாயில்களால் நடைபெறும். இங்கு ஒன்றை நன்கு உளங்கொள்ளல் வேண்டும். வினாவியவர்க்கு விடை வந்த வழியே திரும்புவதில்லை. அழைக்கப்பட்ட கணினி, வினாவிய கணினியைப் புதிதாய் அழைத்தே விடை கூறுகின்றது. ஆதலின், ஆட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் தம் கதவைத் திறந்துவைத்தாற் போதாது. சேர வருபவரும் திறத்தல் வேண்டும். பலர் இவ்விணைப்பிலே இடர்ப்படுவது பெரும்பாலும் இதனை அறியாமையாலேயாம்.

அன்றியும், இவ்வாட்டத்தில் ஒவ்வொரு கணினியும் மற்றெல்லாக் கணினிகளோடும் நேரே பேசும். இருவர் ஆடினால் இணைப்பு ஒன்று, நால்வராயின் ஆறு, எண்மராயின் இருபத்தெட்டு. இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் அதன் தீங்கு எல்லாரையும் சாரும்.

உறையும் கடிதமும்

இணைய முகவரிகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடி. உலகக் கணினிகளுக்கு அது போதாமை முன்னரே உணரப்பட்டமையால், 1994 இல் 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரித் தொகுதிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்குவதற்கென ஒதுக்கப்பட்டன. வீட்டிலுள்ள கணினிகள் பலவற்றுக்கு இத்தகைய உள்முகவரிகள் இருக்கும். வெளியுலகுக்கோ ரவுட்டர் என்னும் கருவியின் ஒரே வெளிமுகவரி மட்டுமே தெரியும். உள்ளிருந்து செல்லும் ஒவ்வொரு பொதியின் உறையிலும் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி அனுப்புவது ரவுட்டரின் தொழில்.

டைரக்ட்பிளே இக்கருவி வீடுதோறும் பரவுவதற்கு முற்பட்ட காலத்தது. அது தன் முகவரியை உறையின்மேல் மட்டுமன்றி, உள்ளிருக்கும் கடிதத்திலும் எழுதிவிடுகின்றது. ரவுட்டர் உறையைத் திருத்துமேயன்றிக் கடிதத்தைத் திருத்துவதில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்த எதிர்க்கணினி, அதிற் கண்ட 192.168 என்னும் உள்முகவரிக்கு விடையனுப்ப முயலுகின்றது. அம்முகவரி உலகில் எத்தனையோ வீடுகளில் உள்ளது. விடை உரியவரை அடையாது. நேரிணைப்பு ஒரு காலத்தில் எளிதாயிருந்து பின்னர்க் கடினமானதற்கு இதுவே தலையாய காரணம்.

அமைக்கும் முறை

இனி, செய்யவேண்டுவனவற்றை முறைப்படி கூறுவாம்.

முதலாவது, பதிப்பை ஒன்றாக்குதல். மூல ஆட்டத்துக்கு 2.0ஏ என்னும் திருத்தமும், 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ‘த கொன்குவரர்ஸ்’ என்னும் விரிவுக்கு 1.0சி என்னும் திருத்தமும் எல்லாக் கணினிகளிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, டைரக்ட்பிளேயை இயக்குதல். விண்டோஸ் 8, 10 முதலியவற்றில் அது இயல்பாக இயங்காது. விண்டோஸ் சிறப்பியல்புகளைக் காட்டும் பட்டியலில், மரபுக்கூறுகள் என்னும் தலைப்பின்கீழ் அதனைத் தெரிந்து இயக்கல் வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தை ஒரே வீட்டுக்குள் சோதித்தல். இரு கணினிகளையும் ஒரே ரவுட்டரோடு இணைத்து, ஒன்றிலே பலர் ஆடும் பகுதியைத் திறந்து, ரி.சி.பி./ஐ.பி. இணைப்பைத் தெரிந்து, ஆட்டத்தைத் தொடங்குக. மற்றதில் அதே இணைப்பைத் தெரிந்து, நடைபெறும் ஆட்டங்களைக் காட்டுமாறு கேட்குக. முகவரி கேட்கும் பெட்டி தோன்றும். அதனை வெறுமையாக விட்டால், அக்கணினி அண்டையிலுள்ள கணினிகளைத் தானே தேடும். இச்சோதனை வெற்றிபெறாது வெளிநாட்டு நண்பரை அழைக்க முயல்வது வீண் முயற்சியாகும்.

நான்காவது, தீச்சுவருக்கு அனுமதி கூறுதல். ஆட்டத்துக்கு மட்டுமன்றி, 47624 ஆம் வாயிலிற் காத்திருக்கும் ‘டிபிளேஎஸ்விஆர்’ என்னும் டைரக்ட்பிளேத் துணைச்செயலிக்கும் அனுமதி வேண்டும். ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தும் இணைப்புக் கிட்டாதபோது, மறக்கப்பட்டது இத்துணைச்செயலியா என நோக்குக.

ஐந்தாவது, ரவுட்டரில் வழி அமைத்தல். முதலிற் கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ரவுட்டரிலே ஒதுக்குக. இன்றேல் நாளை அம்முகவரி வேறொரு கருவிக்குப் போய்விடும். பின்னர், 47624 ஆம் வாயிலுக்கும், 2300 முதல் 2400 வரையுள்ள வாயில்களுக்கும் வரும் ரி.சி.பி., யூ.டி.பி. ஆகிய இருவகைப் பொதிகளையும் அவ்வுள்முகவரிக்கே செலுத்துமாறு பணிக்க. ஒரே ரவுட்டரின் பின்னால் இருவர் இருந்து வெளியிலுள்ள மூன்றாமவரோடு ஆட விரும்பினால் இம்முறை உதவாது. ஒரு வாயிலை ஒரு கணினிக்கே திருப்பிவிட இயலும்.

ஆறாவது, அழைத்தல். தொடங்குபவர் தம் வெளிமுகவரியை ரவுட்டரின் நிலைப்பக்கத்திற் கண்டு நண்பருக்கு அறிவிப்பார். நண்பர் அதனை முகவரிப் பெட்டியில் எழுதிச் சேர்வார். பல சேவையாளர் இவ்வெளிமுகவரியை அவ்வப்போது மாற்றுவதால், ஆடும் நாள்தோறும் அதனைப் புதிதாகப் பார்த்துக் கூறுதல் நன்று.

வழி அடைபட்டிருப்பின்

இவையனைத்தும் செய்தும் இணைப்புக் கிட்டாதிருத்தல் கூடும். முகவரிகளின் பொது இருப்பு 2011 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் தீர்ந்துபோயிற்று. அதனால் சேவையாளர் சிலர் பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டு வழங்குகின்றனர். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியில் அமைந்திருப்பின், அது மெய்யான வெளிமுகவரியன்று. அவ்வீட்டுக்கு அப்பால் சேவையாளரிடத்தே மற்றொரு ரவுட்டர் உண்டு. நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தும் படலை பூட்டியிருப்பது போன்ற நிலை அது. அப்படலையின் திறவுகோல் நம்மிடம் இல்லை.

இதற்கு மாற்றாக உள்ளது வி.பி.என். இலங்கையில் 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது இச்சொல் பலர் வாயிலும் வழங்கலாயிற்று. தடையைக் கடத்தல் அதன் ஒரு பயன் மட்டுமே. தொலைவிலுள்ள கணினிகளை ஒரே வீட்டிலிருப்பன போலப் பிணைப்பது அதன் மூலப்பயன். ஹமாச்சி, சீரோரியர், ராட்மின் வி.பி.என். முதலியன இத்தொழிலைச் செய்வன. அவை நல்கும் முகவரி எல்லார்க்கும் ஒரே வலைப்பின்னலைச் சேர்ந்ததாதலின், கடிதத்துள் எழுதப்படும் முகவரியும் பிழைபடாது. ரவுட்டரில் இலக்கவாயில் திறக்கவும் வேண்டியதில்லை.

ஆயினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. கணினியில் இணைப்புகள் பல இருக்கும்போது டைரக்ட்பிளே பெரும்பாலும் முதன்மையானதையே பற்றிக்கொள்ளும். ஆகவே, வி.பி.என். இணைப்பின் முன்னுரிமை எண்ணை விண்டோஸ் அமைப்பிலே குறைத்து வைத்தல் வேண்டும். எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும்.

வி.பி.என். வழங்குபவரும் ஓர் இடைநிலையாளரே அன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மை. ஆனால் அவரை ஆட்டம் அறியாது. ஒருவர் கடையடைத்தால் மற்றொருவரிடஞ் செல்லலாம். ஆட்டத்தில் ஒரு வரியும் மாற்றவேண்டுவதில்லை. தான் விரும்பியவரை நாடும் உரிமைக்கும், ஒருவரையே நம்பிக் கிடக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

காவல்

திறந்த கதவு நண்பனுக்கும் திறந்ததே, கள்வனுக்கும் திறந்ததே. டைரக்ட்பிளே பழையது, மைக்ரோசொப்ட் அதனைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆயின. அதன் உரையாடல் மறைமொழியில் நடப்பதன்று. ஆதலால் அறிமுகமானவரோடு மட்டும் ஆடுக. ஆட்டம் முடிந்ததும் ரவுட்டரிற் செய்த வழியை நீக்குக. எல்லா வாயில்களையும் ஒருங்கே ஒரு கணினிக்குத் திறந்துவிடும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. வேலை எளிதென்று அதனைக் கையாளுதல் தகாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளிக்கப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சேவை 2014 ஏப்ரலுடன் முடிவுற்றது; அத்தகைய பழைய கணினியை இணையத்தின் முன் நேரே நிறுத்துதல் பேதைமை. வி.பி.என். வழி செல்வதே இந்நோக்கிலும் மேலானது.

எஞ்சி நிற்பது

இத்துணை உழைப்பு ஒரு விளையாட்டுக்கு வேண்டுமோ என்பார்க்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று விடையாகும். ‘த க்ரூ’ என்னும் காரோட்ட ஆட்டத்தை யூபிசொப்ட் நிறுவனம் 2014 இல் விற்கத் தொடங்கிற்று. அது தனித்து ஆடுதற்குங்கூட அந்நிறுவனத்தின் சேவையகத்தை நாடிய ஆட்டம். 2024 மார்ச்சு 31 ஆந் திகதி அச்சேவையகம் நிறுத்தப்பட்டதும், பணங்கொடுத்து வாங்கியோர் கையிலிருந்த வட்டு பயனற்ற தகடாயிற்று. விற்ற ஆட்டங்களை இவ்வாறு அழித்தல் தகாதெனக் கோரி ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்த குடிமக்கள் மனுவிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பதினைந்து ஆண்டு முந்திய ஆட்டமோ, தன்னை ஆக்கியவர் கலைந்தபின்னும், சேர்த்துவைத்த கூடம் மூடியபின்னும், இன்றும் இருவரால் ஆடத்தக்கதாய் உளது. புகழ்பெற்றமையால் அதற்கு 2013 இலும் 2019 இலும் புதிய பதிப்புகளும் வந்தன. புகழ் குறைந்த எத்தனையோ ஆட்டங்களுக்கு அப்பேறு வாய்ப்பதில்லை. அவற்றின் வாழ்வு முகவரி எழுதும் அச்சிறு பெட்டியையே நம்பியிருக்கின்றது.

ஆகவே, பழைய ஆட்டமொன்றை வைத்திருப்போர் வட்டை மட்டும் பேணுதல் போதாது. இறுதித் திருத்தக் கோப்பையும், அதற்குரிய இலக்கவாயில் எண்களையும், அமைக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி வட்டுடன் வைத்தல் வேண்டும். அடுத்துவரும் இளைஞர் ஒருவர் அத்தாளைக் கொண்டு தம் தோழரை அழைப்பாராயின், களமும் விதியும் மீண்டும் உயிர்பெறும். புதிய ஆட்டம் வாங்கப்போவோரும், படத்தின் பொலிவைக் கேட்குமுன், ‘விற்றவர் இல்லாத காலத்தும் இதனை என் நண்பனோடு ஆட இயலுமா?’ என்னும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுவாராக.